கிற்றாரும் வயலினும் ஒரே மேடையில்

போன மாதம் வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டம் முடிந்து மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மேசையில் ரோல்ஸும் தேநீரும் இருந்தன. ஒரு தம்பி தன் கைபேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து ஒரு பாட்டைப் போட்டான். முதலில் வயலின்களும் செல்லோக்களும் மெதுவாக எழுந்தன. கொஞ்ச நேரத்தில் கிற்றாரும் டிரம்ஸும் இடித்துக்கொண்டு உள்ளே வந்தன. மெற்றாலிக்கா என்ற அமெரிக்க ரொக் குழு, சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு சேர்ந்து வாசித்த பாட்டு அது.

எங்கள் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "நல்ல ஓர்கெஸ்ட்ராவைப் பின்னுக்கு இருத்திவைச்சிட்டு அதுக்கு மேல சத்தம் போடுறதுக்குப் பேர் இசையோ?" என்றாள். தம்பி விடவில்லை. "உங்கட ஓர்கெஸ்ட்ரா சனத்தை நித்திரையாக்கத்தான் சரி" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆனால் அது பகிடியாக முடியவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவள் வயலினும் அவன் டிரம்ஸும் வாசித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாட்டு இழுபட்டதை முன்வரிசையில் இருந்த அம்மாமாரும் கவனித்தார்கள்.

"அங்கிள், நீங்களே சொல்லுங்கோ, ஆர் சரி?" என்று இருவரும் தனித்தனியே வந்து என்னைக் கேட்டார்கள். தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு இசை தெரியாது. ஆனால் இந்தச் சண்டைக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பது தெரியும். அதன் முக்கியமான நாள் ஒன்று நாம் வாழும் இந்த லண்டன் நகரிலேயே கழிந்தது. அந்தக் கதையைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

எந்த ஓர்கெஸ்ட்ரா?

கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டுப் பாடும் குழுவையும் நம்மவர்கள் ஓர்கெஸ்ட்ரா என்பார்கள். இங்கே சொல்வது அதையல்ல. வயலின், வியோலா, செல்லோ, டபிள் பேஸ் ஆகிய தந்தி வாத்தியங்கள், புல்லாங்குழல், கிளாரினெற் போன்ற ஊதுகருவிகள், டிரம்பெற் முதலான பித்தளைக் கருவிகள், பெரிய முரசுகள் எல்லாம் சேர்ந்த எண்பது, நூறு பேர் கொண்ட மேற்கத்திய வாத்தியக் குழு. எல்லோரும் தாளில் எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்து, நடுவில் நிற்கும் நடத்துநரின் கோலுக்கு வாசிப்பார்கள்.

ரொக் குழு இதற்கு நேர்மாறு. நாலைந்து பேர், மின்சாரக் கிற்றார், பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள். பலருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டு, ஒருவரையொருவர் பார்த்து, டிரம்ஸ்காரரின் தாளத்துக்கு வாசிப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே மேடையில் இருத்துவது, தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரையும் ஜெர்மன் மட்டும் தெரிந்த ஒருவரையும் ஒரே கடிதத்தை எழுதச் சொல்வது போன்றது.

மேடையைவிட ஒலிப்பதிவுக்கூடம் இதற்கு வசதியானது. பிழைத்தால் திரும்ப வாசிக்கலாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எனவே கதை அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு பேரில் தொடங்கியது

1965-ல் பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 'யெஸ்டர்டே' என்ற பாட்டை ஒரு கிற்றாரோடு தனியே பாடிப் பதிவு செய்தார். அவர்களின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் இசைக்கல்லூரியில் படித்தவர். இதற்கு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்த்தால் நன்றாயிருக்கும் என்றார். மக்கார்ட்னிக்கு முதலில் விருப்பமில்லை. உருகி வழிகிற பாட்டாகிவிடும் என்று பயந்தார். பிறகு சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: வயலின்காரர்கள் விரலை அதிர்வித்துச் சுரத்தை நடுங்க வைக்கக்கூடாது. ஒருவர் வயலினைக் கொண்டுவந்தார், மற்றவர் அந்த வயலின் எப்படிக் கேட்கவேண்டும் என்று சொன்னார். இருவரும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்ததில்தான் அந்தப் பாட்டு இன்று நாம் கேட்கும் விதமாக அமைந்தது.

அடுத்த வருடம் 'எலினோர் ரிக்பி' பாட்டுக்கு எட்டுத் தந்தி வாத்தியக்காரர்கள் வந்தார்கள். ஒலிப்பதிவாளர் மைக்கை வில்லுக்கு மிக அருகில் வைத்தார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சின்னப் பிழையும் கேட்டுவிடுமே! கதிரையை மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார்களாம்.

1967 பெப்ரவரி 10 அன்று அபி ரோட் கூடத்துக்கு 40 பேர் கொண்ட ஓர்கெஸ்ட்ரா வந்தது. 'எ டே இன் த லைஃப்' பாட்டின் நடுவில் வரும் 24 தாளக்கட்டுகளுக்கு அவர்களிடம் சொன்னது இதுதான்: உங்கள் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி, கடைசியில் உச்சச் சுரத்துக்கு வந்து சேருங்கள், இடையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வாசிக்காதீர்கள். சேர்ந்து வாசிப்பதையே வாழ்நாள் முழுவதும் பயின்றவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! இறுக்கம் குறையட்டும் என்று அவர்களுக்கு வேடிக்கை மூக்குகளும் தொப்பிகளும் கொடுத்தார்கள்.

அதே 1967 நவம்பரில் மூடி புளூஸ் குழுவின் 'டேய்ஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' இசைத்தட்டு வந்தது. ஒரு நாளின் விடியலிலிருந்து இரவு வரை செல்லும் பாட்டுத் தொடர். குழு பாட்டுகளை வாசிக்கிறது; பீற்றர் நைற் நடத்தும் ஓர்கெஸ்ட்ரா பாட்டுகளுக்கு இடையில் வாசிக்கிறது. கேட்க இனிமைதான். ஆனால் கவனித்துக் கேட்டால் இரண்டும் ஒன்றாக வாசிக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஒரே வீடு, இரண்டு அடுப்பு.

இரண்டும் நேருக்கு நேர் உட்கார்ந்து, எல்லோர் கண்முன்னும், திரும்ப வாசிக்கும் வசதியில்லாமல் பேசிப் பார்ப்பது இன்னும் மிச்சமாக இருந்தது.

ஆலயத்து ஓர்கன்

அந்த வேலையைச் செய்தவர் ஜோன் லோர்ட். 1941-ல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே பியானோ முறையாகப் பயின்றவர். 1968-ல் தொடங்கிய டீப் பேர்ப்பிள் என்ற ரொக் குழுவில் ஹமண்ட் ஓர்கன் வாசித்தார்.

இந்த ஹமண்ட் ஓர்கனைப் பற்றி நாம் அறிந்திருக்கவேண்டும். மின்சாரக் கடிகாரங்கள் செய்த லோரன்ஸ் ஹமண்ட் என்ற அமெரிக்கர் 1935-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஓர்கன் வாங்கப் பணமும் இடமும் இல்லாத ஆலயங்கள்தான் இதன் முக்கிய வாடிக்கையாளர்கள். உள்ளே குழாயும் காற்றும் கிடையாது. சிறு பற்சக்கரங்கள் காந்தங்களுக்கு அருகே சுழன்று மின்னலையை உண்டாக்கும், அது ஒலியாகும். ஜோன் லோர்ட் வாசித்த சி-3 வகை, ஆலயங்களுக்கென்றே வாசிப்பவரின் கால் தெரியாதபடி சுற்றிவரப் பலகை அடித்துச் செய்யப்பட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகளில் அது பாடலுக்குத் துணைநின்றது, பிறகு ஜாஸ் மன்றங்களுக்குப் போனது, அங்கிருந்து ரொக் மேடைக்கு வந்தது. ஜோன் லோர்ட் அதைக் கிற்றாருக்கான ஒலிபெருக்கியில் மாட்டி உறுமவைத்தார். ஞாயிறு காலையில் ஞானப்பாட்டு வாசிக்கப்பட்ட அதே வகைப் பெட்டிதான் இது. "இது ஆலய வாத்தியம், அது கேளிக்கை வாத்தியம்" என்று கோடு கிழிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவும் நியூயோர்க் பில்ஹார்மொனிக்கும் சேர்ந்து வாசித்த ஓர் இசைத்தட்டைக் கேட்டதிலிருந்து, ரொக் குழுவுக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதவேண்டும் என்ற ஆசை ஜோன் லோர்ட் மனத்தில் இருந்தது. அதைக் குழுவின் முகாமையாளர் டோனி எட்வேட்ஸிடம் சொன்னார். ஆள் சும்மா இருக்கவில்லை. றோயல் அல்பேர்ட் மண்டபத்தை 1969 செப்டெம்பர் 24-க்குப் பதிவுசெய்துவிட்டு வந்து நின்றார். மண்டபம் தயார், எழுதவேண்டிய இசைதான் இன்னும் எழுதப்படவில்லை! பகலில் பயணமும் இரவில் கச்சேரியுமாக இருந்த மாதங்களில், ஓர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதை ஜோன் லோர்ட் கையால் எழுதி முடித்தார்.

கிடைத்த ஓர்கெஸ்ட்ரா றோயல் பில்ஹார்மொனிக். சேர் தோமஸ் பீச்சம் 1946-ல் நிறுவியது. நம்மவர்களுக்கும் இந்தப் பெயர் பழக்கமானது. 1993-ல் இளையராஜா சிம்பொனி ஒன்றைப் பதிவுசெய்தது இதே ஓர்கெஸ்ட்ராவோடுதான். 2025 மார்ச்சில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது அதைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவு கதைத்தோம்! எழுதிய குறிப்பை மட்டுமே நம்பி வாசிக்கும் அவர்கள் முன் வெளியிலிருந்து ஒருவர் வந்து நிற்பது சின்னக் காரியமல்ல என்பது அப்போது பலருக்கு விளங்கியது.

ஒத்திகையில் நடந்தது

நடத்துநராக வந்தவர் மல்கம் ஆர்னல்ட். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் இசைக்காக ஒஸ்கார் பெற்றவர். 1957-ல் வந்த அந்தப் படத்தின் பாலம் இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின்மேல் கட்டப்பட்டது என்பதை உங்கள் தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். ஆர்னல்ட் சிறுவயதில் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் ஜாஸைக் கேட்டு டிரம்பெற் பழகியவர். பின்னர் லண்டன் பில்ஹார்மொனிக்கில் முதன்மை டிரம்பெற் வாசித்தவர். இரண்டு பக்கத்தின் மொழியும் தெரிந்த ஒருவர் நடுவில் நிற்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை இனிப் பாருங்கள்.

ஒத்திகைக்குக் கிடைத்த நேரம் குறைவு. ஓர்கெஸ்ட்ராவில் பலருக்கு விருப்பமில்லை. செல்லோ வாசித்த ஒரு பெண் எழுந்து, இரண்டாந்தரப் பீற்றில்ஸோடு வாசிப்பதற்கு நான் இந்த ஓர்கெஸ்ட்ராவில் சேரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனதாக ஜோன் லோர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மற்றவர்கள் இருந்தார்கள், ஆனால் மனமில்லாமல் வாசித்தார்கள். ஆர்னல்ட் கோலை நிறுத்தி, இங்கே அச்சிட முடியாத சொற்களோடு அவர்களைத் திட்டினாராம். சிறந்த ஓர்கெஸ்ட்ரா இப்படியா வாசிப்பது என்று கேட்டாராம். அதன்பின்பே வாசிப்பு மாறியது.

மனத்தடை ஒரு பக்கம் இருக்க, உண்மையான சிக்கல்களும் இருந்தன. மின்சாரக் கிற்றார் ஒன்று இருபது வயலின்களை விழுங்கிவிடும். அடுத்தது நேரம். ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் செல்லும். டிரம்ஸுக்கும் பின்வரிசைக்கும் இடையே இருபது மீற்றர் என்றால், அடி கேட்பதற்குள் வினாடியில் நூறில் ஆறு பங்கு கழிந்துவிடும். காதை நம்பி வாசித்தால் பிந்திவிடும், நடத்துநரின் கோலைப் பார்த்தே வாசிக்கவேண்டும். ரொக் குழுவினரோ கோலைப் பார்த்துப் பழகாதவர்கள். போதாததற்கு அல்பேர்ட் மண்டபத்தின் குவிமாடம் எதிரொலிக்குப் பேர்போனது. அதைத் தணிக்கக் கூரையில் காளான் போன்ற வட்டங்களைத் தொங்கவிட்டதும் அதே 1969-ல்தான். இன்றும் போனால் அண்ணாந்து பார்க்கலாம்.

எதிரிகளாய்த் தொடங்கி

அந்த இரவு முதலில் ஓர்கெஸ்ட்ரா மட்டும் ஆர்னல்டின் ஆறாவது சிம்பொனியை வாசித்தது. பிறகு டீப் பேர்ப்பிள் மட்டும் மூன்று பாட்டுகள். கடைசியாக இரண்டும் சேர்ந்து 'கொன்சேர்ட்டோ ஃபோர் குறூப் அன்ட் ஓர்கெஸ்ட்ரா'. மூன்று பகுதிகள், ஏறத்தாழ 50 நிமிடம்.

ஜோன் லோர்ட் எழுதிய விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒத்துப்போகிறவர்களாக இருவரையும் அவர் நடிக்கவைக்கவில்லை. முதற்பகுதியில் குழுவும் ஓர்கெஸ்ட்ராவும் எதிரிகள். ஓர்கெஸ்ட்ரா பல நிமிடங்கள் தனியே பேசுகிறது. ரொக் குழு திடீரெனப் பாய்கிறது. ஒன்று சொல்வதை மற்றது இடைமறிக்கிறது, பறிக்கிறது, உரத்துக் கத்துகிறது. இரண்டாம் பகுதியில் இரண்டு மெட்டுகள். ஓர்கெஸ்ட்ரா தன் விதத்தில் வாசிக்கிறது, குழு அதையே தன் விதத்தில் வாசிக்கிறது, இயன் கில்லன் பாடுகிறார். ஒருவர் பாட்டை மற்றவர் வாங்கிப் பார்க்கும் நேரம் அது. மூன்றாம் பகுதியில், இயன் பேஸின் தனி டிரம்ஸ் நீங்கலாக, எல்லோரும் சேர்ந்தே ஓடுகிறார்கள்.

அதாவது நம் மண்டபத்தில் நடந்த அதே சண்டையை அவர் மூடிமறைக்காமல் மேடைக்கே கொண்டுவந்தார். சண்டை முதலில், பிறகு கேட்பது, பிறகு சேர்வது. இரண்டாம் பகுதியைத் தாண்டிக் குதித்து மூன்றாம் பகுதிக்குப் போக வழியில்லை.

மண்டபம் எழுந்து கைதட்டியது. கடைசிப் பகுதியில் ஒரு துண்டைத் திரும்பவும் வாசித்தார்கள். பத்திரிகைகளின் கருத்து இரண்டுபட்டது. இசைத்தட்டாக வந்தபோது, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் டீப் பேர்ப்பிளுக்கு முதன்முதலாக ஓர் இடம் பிடித்துக்கொடுத்த தட்டு அதுதான்.

பிளாக்மோர் சொன்ன 'இல்லை'

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் குழுவுக்குள்ளேயே சண்டை எழுந்தது. கிற்றார் வாசித்த ரிச்சி பிளாக்மோருக்கும் பாடிய கில்லனுக்கும் இது சரிவரவில்லை. எங்கே போனாலும் ஓர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் குழு என்ற பெயர். நாம் ரொக் குழுவா, வேறு எதுவுமா? இனி முழுக்க ரொக்காக ஒரு தட்டுச் செய்வோம், அது எடுபடாவிட்டால் வாழ்நாள் முழுதும் ஓர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிறேன் என்று பிளாக்மோர் ஜோன் லோர்டிடம் சொன்னார்.

ஜோன் லோர்ட் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவர்கள் கேட்டதைத் தன் முழு வலிமையோடு செய்தார். 1970 யூனில் வந்த 'டீப் பேர்ப்பிள் இன் ரொக்' தட்டில் அவருடைய ஓர்கன் உறுமுவதுபோல் அதற்குமுன் உறுமியதில்லை. அந்தத் தட்டு பிரித்தானியாவில் நான்காம் இடம்வரை ஏறியது. பிளாக்மோரின் பேச்சு வென்றது. அதே 1970 செப்டெம்பரில் ஜோன் லோர்ட் 'ஜெமினி சூட்' என்ற இன்னொரு ஓர்கெஸ்ட்ரா ஆக்கத்தை அரங்கேற்றியபோது, விருப்பமில்லாத பிளாக்மோரும் மேடையில் வந்து வாசித்தார். நீ என்னுடையதை வாசி, நான் உன்னுடையதை வாசிக்கிறேன்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1972-ல் 'ஹைவே ஸ்டார்' பாட்டில் வரும் புகழ்பெற்ற கிற்றார்த் துண்டுக்குப் பாக்கின் இசையில் வரும் சுருதிக்கோவையை எடுத்ததாகப் பிளாக்மோரே சொல்லியிருக்கிறார். பின்னர் செல்லோவும் பழகினார். 1976-ல் தன் சொந்தக் குழுவான ரெயின்போவோடு 'ஸ்டார்கேசர்' என்ற பாட்டைப் பதிவுசெய்தபோது அவர் அழைத்தது யாரை? மியூனிக் பில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ராவை! வேண்டாம் என்று சொன்னவரின் காதுக்குள்ளும் அந்தச் செப்டெம்பர் இரவு ஏதோ விதைத்திருந்தது. ஓர்கெஸ்ட்ரா வேண்டும் என்றவரோ ரொக் ஓர்கனின் பெரிய பெயரானார். விவாதத்தில் யார் வென்றார் என்று கேட்டால் எனக்கு விடை இல்லை. இருவரும் மாறினார்கள் என்று மட்டும் சொல்வேன்.

தொலைந்த ஏடு

அந்த கொன்சேர்ட்டோ 1970 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு முறை வாசிக்கப்பட்டது. அதன்பின் ஜோன் லோர்ட் கையால் எழுதிய முழு இசைக்குறிப்பேடு தொலைந்துபோனது. ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் யாராலும் அதை வாசிக்க முடியவில்லை. மார்க்கோ டி கோய் என்ற ஒல்லாந்து இசையமைப்பாளர், பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, படச்சுருளைப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியமும் என்ன வாசிக்கிறது என்று காதாலேயே பிரித்தெடுத்து எழுதத் தொடங்கினார். ஜோன் லோர்ட் அவரோடு சேர்ந்து மீதியைத் திருத்தி முடித்தார். 1999 செப்டெம்பர் 25, 26 திகதிகளில், அதே அல்பேர்ட் மண்டபத்தில், போல் மான் நடத்த, லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவோடு அது மறுபடி ஒலித்தது. முப்பது வருட இடைவெளியில் ஓர்கெஸ்ட்ராக்காரர்களும் மாறியிருந்தார்கள். ரொக் காதில் விழ வளர்ந்த தலைமுறை அது. 2012-ல் காலமாகும் முன் ஜோன் லோர்ட் அதைக் கண்டுவிட்டார்.

அந்த ஒல்லாந்துக்காரர் செய்ததை எண்ணிப் பாருங்கள். இன்னொருவரின் இசையை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட காது எத்தனை இருக்கும்?

நண்பன் விட்டுப்போன இசை

அதே 1999 ஏப்ரலில்தான் மெற்றாலிக்கா சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு இரண்டு இரவுகள் வாசித்தது. ஓர்கெஸ்ட்ராவுக்கு எழுதி நடத்தியவர் மைக்கல் கேமன். அதன் பதிவுதான் நம் தம்பி போட்ட பாட்டு.

அதற்குப் பின்னாலும் ஒரு நட்பு இருக்கிறது. மெற்றாலிக்காவின் பேஸ் கிற்றார்க்காரர் கிளிவ் பேர்ட்டன் பாக்கின் இசையில் உயிராக இருந்தவர். மற்ற நண்பர்களுக்கும் அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர். 1986-ல் சுவீடனில் குழுவின் பேருந்து விபத்துக்குள்ளாகி, 24 வயதில் இறந்தார். ஓர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் எண்ணத்தின் வேர் அவரிடம்தான் இருந்தது என்று நண்பர்கள் சொன்னார்கள். 2019 செப்டெம்பரில் இரண்டாம் முறை அதே சிம்பொனியோடு சேர்ந்தபோது, ஓர்கெஸ்ட்ராவின் முதன்மை டபிள் பேஸ் கலைஞர் ஸ்கொட் பிங்கல் தனியே எழுந்து நின்று, பேர்ட்டனின் பேஸ் தனியிசையைத் தன் வாத்தியத்தில் வாசித்தார். சிம்பொனியில் உட்கார்ந்திருப்பவர் ரொக் குழுவின் இறந்த நண்பனுக்குச் செய்த மரியாதை அது. 1969-ல் ஒத்திகையிலிருந்து எழுந்து போன செல்லோக்காரரிலிருந்து இந்தக் காட்சிவரை வந்து சேர ஐம்பது வருடம் பிடித்தது.

ஒரு கசெற்

இவ்வளவும் எழுதுகிற எனக்கு ஒரு கடன் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில், என் வகுப்பு நண்பன் ஒருவன் ஒரு கசெற் தந்தான். கொழும்பிலிருந்து வந்த அண்ணனிடம் கெஞ்சிப் பதிவுசெய்வித்தது. இந்த அல்பேர்ட் மண்டபக் கச்சேரிதான் அதில் இருந்தது. "முழுக்கக் கேள், பிறகு கதைப்பம்" என்றான். நான் அப்போது பாடகர் குழுவில் புதிது, பெரிய இசைஞானி என்ற நினைப்பு. ஐந்து நிமிடம் கேட்டேன். ஓர்கெஸ்ட்ரா மட்டும்தான் வந்தது. நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கொடுத்து, "கேட்டனான், பெரிசா ஒண்டுமில்லை" என்றேன்.

அவன் கசெற்றின் சின்னக் கண்ணாடியைப் பார்த்தான். நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. பைக்குள் வைத்தான். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒரு பாட்டும் தந்ததில்லை. பின்னர் ஊர் கலைந்தது, அவன் ஒரு நாட்டுக்கும் நான் ஒரு நாட்டுக்கும் போனோம். பல வருடம் கழித்து லண்டனில் அந்தக் கச்சேரியை முழுதாகக் கேட்டேன். நான் நிறுத்திய இடத்திலிருந்து சில நிமிடம்தான், ரொக் குழு உள்ளே பாய்கிறது. அவன் என்னிடம் கதைக்க ஆசைப்பட்டது அந்த இடத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் சண்டை பிடித்திருப்பான், நட்பும் இருந்திருக்கும். கேட்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் அவனை நோகவைத்தது. ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டை நமக்குப் போட்டுக்காட்டும்போது, தன் மனத்தில் ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எனக்கு இந்த வீடு சரிவராது என்று சொல்லலாம். வாசலில் நின்று சொல்லக்கூடாது.

இனி நம் மண்டபத்துக்கு வருவோம். இருவரையும் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். தீர்ப்புச் சொல்லவில்லை. தங்கை மெற்றாலிக்காவின் அந்தக் கச்சேரியை முழுதாகக் கேட்பது, தம்பி அவள் தேர்ந்த பாக்கின் இரட்டை வயலின் கொன்சேர்ட்டோவை முழுதாகக் கேட்பது என்று முடிவாயிற்று. "இப்பவும் எனக்குச் சத்தம் கூடத்தான், ஆனால் ரெண்டு பாட்டில ஓர்கெஸ்ட்ரா இல்லாட்டிப் பாட்டே இல்லை" என்று அவள் வந்து சொன்னாள். அவனுக்கு நடுப்பகுதி பிடித்ததாம், அந்த இரண்டு வயலினும் ஒன்றின்பின் ஒன்றாகத் தொடர்வது. போன ஞாயிறு இரண்டாம் பாட்டில் அவன் தடியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தான். அவள் திரும்பி அவன் கையைப் பார்த்து வாசித்தாள். பாட்டு இழுபடவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பாட்டுக் கொண்டுவாருங்கள். கீர்த்தனையோ, ரொக்கோ, சினிமாவோ, சிம்பொனியோ, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் முடியும்வரை வாய்திறக்காமல் கேட்போம். பிறகு ஆசை தீரச் சண்டை பிடிக்கலாம். ரோல்ஸ் என் பொறுப்பு.